ஒற்றைத் தடக் காட் பாதை: முதலில் இரண்டாவது தடமா, மின்கம்பியா?

#1 மலைப்பாதை

ஒரு மாதிரிப் பாதையை வைத்துப் பேசலாம். அகலப் பாதை, ஒற்றைத் தடம், 60 கிமீ காட் பகுதி (மலைத்தொடரை ஏறிக் கடக்கும் துண்டு). ஏற்றம் 50-க்கு 1, வளைவுகள் 8 டிகிரி வரை. குகைகள் இருபதுக்கு மேல், எல்லாமே கம்பியை நினைக்காமல் வெட்டியவை. கிராசிங் நிலையங்களுக்கு (எதிரெதிர் ரயில்கள் விலகிக்கொள்ளும் இடங்கள்) நடுவே அதிகபட்ச தூரம் 12 கிமீ. பேங்கர் (பின்னாலிருந்து தள்ளும் துணை இன்ஜின்) வைத்தும் சரக்கு ரயில் 25 கிமீ வேகத்தில்தான் ஏறும். இறங்கும்போது 30 கிமீ கட்டுப்பாடு. நாளுக்கு 30 ரயில் ஓடுகிறது, இன்னொன்றைச் செருக இடமில்லை.

இரண்டாவது தடமும் 25 கேவி (கிலோவோல்ட்) மின்மயமும் இரண்டுமே வேண்டும் என்று முடிவாகிவிட்டது. எதை முன்னால் எடுப்பது என்பதுதான் கேள்வி. பொதுவாக "இரண்டும் நல்லதுதான்" என்று எழுதாமல் கணக்கோடு எழுதுங்கள்.

#2 அட்டவணைக்காரர்

ஒற்றைத் தடத்தில் நாளுக்கு எத்தனை ரயில் ஓடலாம் என்று சொல்லும் ஸ்காட் சூத்திரத்தில் போட்டாலே தெரிந்துவிடும். நாளின் 1440 நிமிடத்தை, மிக மோசமான பிளாக் செக்ஷனில் (ஒரு நேரத்தில் ஒரு ரயிலை மட்டும் விடும் துண்டு) மெதுவான ரயில் ஓடும் நேரமும் பிளாக் வாங்கிக் கொடுக்கும் நேரமும் சேர்ந்த தொகையால் வகுத்து, 0.7 ஆல் பெருக்க வேண்டும். 12 கிமீயை 25 கிமீ வேகத்தில் ஏற 29 நிமிடம், பிளாக் வேலைக்கு 5 நிமிடம், ஆக 34. விடை 29.6. உங்கள் 30 ரயில் எங்கே முட்டுகிறது என்பது இதுதான்.

மின் இன்ஜின் அதே ரயிலை 40 கிமீ வேகத்தில் ஏற்றும். 29 நிமிடம் 18 ஆகிறது, கொள்ளளவு 43 ஆகிறது. பாறை ஒன்றைக்கூட வெட்டாமல் 13 ரயில் கூடுகிறது. கம்பிதான் முதலில்.

#3 சிக்னல்தூண்

அட்டவணைக்காரர் சார், கணக்கில் ஒரு பக்கம்தான் வந்திருக்கு. ஒற்றைத் தடத்துல ஏறுற ரயிலும் இறங்குற ரயிலும் மாறி மாறிப் போகணும். இறங்குற ரயிலுக்கு 30 கிமீ கட்டுப்பாடு பிரேக் சம்பந்தப்பட்டது. ரீஜெனரேஷன் (மோட்டாரையே ஜெனரேட்டராக்கி பிரேக் போடுறது) இருந்தாலும், அது திடீர்னு போயிட்டா காற்று பிரேக்கை மட்டும் வச்சு வண்டியை நிறுத்த முடியணும். அதனால கம்பி வந்ததும் அந்த வேகத்தைத் தூக்கிட மாட்டாங்க. 12 கிமீ இறங்க 24 நிமிஷம், அது அப்படியேதான் இருக்கும்.

ஜோடியா போட்டுப் பாருங்க. டீசல்ல 29 + 24 + பிளாக் வேலை இரண்டு முறை 10 = 63 நிமிஷத்துக்கு இரண்டு ரயில். 0.7 போட்டா நாளுக்கு 32. மின்சாரத்துல 18 + 24 + 10 = 52. நாளுக்கு 38. கம்பியால கிடைக்கிறது ஆறேழு ரயில்தான்.

இப்ப கம்பியே இல்லாம அந்த 12 கிமீக்கு நடுவுல ஒரு கிராசிங் நிலையம் போடுங்க. 14.4 + 12 + 10 = 36.4 நிமிஷம். நாளுக்கு 55 ரயில். கம்பியும் நிலையமும் சேர்ந்தா 65. ஆனா அந்த ஒரு செக்ஷனை மட்டும் உடைச்சாப் போதாது, அடுத்த நீளமான செக்ஷன் 10 கிமீன்னா முட்டுறது அங்க மாறிடும். நீளமானதுல இருந்து வரிசையா உடைச்சுக்கிட்டே வரணும்.

#4 மலைப்பாதை

ஜோடிக் கணக்கு சரி, நான் கவனிக்கவில்லை. ஆனால் 50-க்கு 1 ஏற்றத்தின் நடுவில் நிலையத்தை எங்கே வைப்பது? இடம் இருந்திருந்தால் பாதை போட்டவர்களே வைத்திருப்பார்கள்.

#5 ஜல்லிமேடு

அந்தக் கேள்வியில்தான் பாதித் திட்டங்கள் நின்றுவிடுகின்றன.

யார்டுக்கு (நிலையத்தின் தடங்கள் இருக்கும் பரப்பு) 400-க்கு 1 என்பது உச்ச வரம்பு. விரும்பத்தக்கது 1200-க்கு 1. லூப்பில் (ரயில் ஒதுங்கி நிற்கும் பக்கத் தடம்) ரயில் நிற்கும் நீளம் 686 மீ என்று வைத்தாலும், இரு பக்கப் பாயிண்ட்ஸ் (தடம் மாற்றும் அமைப்பு), சிக்னல் தாண்டி விட வேண்டிய தூரம் எல்லாம் சேர்ந்தால் ஒரு கிலோமீட்டர் சமதளம் வேண்டும். 50-க்கு 1 ஏற்றத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 20 மீ உயர்கிறோம். யார்டில் 2.5 மீ மட்டுமே. மீதி 17.5 மீ எங்கே போகும்? யார்டுக்கு மேலும் கீழும் பாதை ஏற்கெனவே வரம்பு ஏற்றத்தில் இருப்பதால் அங்கே செங்குத்தாக்கி ஈடுகட்ட முடியாது. மலையில் ஒரு மடிப்பு போட்டுப் பாதையை நீட்டித்தான் அந்த உயரத்தை எடுக்க வேண்டும். அதாவது "ஒரு லூப் லைன்" என்று எழுதியிருக்கும் வேலை உண்மையில் இரண்டு கிலோமீட்டர் புதுப் பாதை.

வளைவையும் மறக்கக் கூடாது. ஒரு டிகிரிக்கு 0.04 சதவீதம் ஏற்றத்தைக் குறைத்துப் போட வேண்டும். 8 டிகிரியில் 0.32. பழைய பாதையில் இந்தக் குறைப்பைச் செய்யாமல் விட்ட இடங்கள் இருந்தால், வரைபடத்தில் 50-க்கு 1 என்றிருப்பது இன்ஜினுக்கு 43-க்கு 1 ஆகத் தெரியும். எங்கே வண்டிகள் திணறி நிற்கின்றன என்ற பட்டியலை வளைவுப் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துப்போகும்.

நிலையத்தை நோக்கி 80-க்கு 1-ஐ விடச் செங்குத்தாகச் சரிவு இறங்கினால் கேட்ச் சைடிங் (தறிகெட்டு வரும் வண்டியைத் திருப்பிவிடும் பக்கத் தடம்) வேண்டும். நிலையத்திலிருந்து வெளியே 100-க்கு 1-ஐ விடச் செங்குத்தாக இறங்கினால் ஸ்லிப் சைடிங் (நிலையத்திலிருந்து நழுவும் பெட்டியைத் தடுக்கும் பக்கத் தடம்) வேண்டும். கட்டுப்பாடு இழந்து வரும் வண்டியை மலைமேல் ஏற்றி நிறுத்தும் சைடிங்குக்கும் நிலம் வேண்டும். மதிப்பீட்டில் அதிகம் விட்டுப்போவது இதுதான்.

நடு நிலையம் சாத்தியமே இல்லாத இடத்தில் இருக்கிற லூப்புகளை நீட்டுவது அடுத்த வழி. சுவீடனின் கிருனாவிலிருந்து நார்வேயின் நார்விக் வரை போகும் தாதுப் பாதை இன்னும் ஒற்றைத் தடம்தான். 750 மீ நீளமும் 8,600 டன் எடையும் உள்ள ரயில்களுக்கு ஏற்றபடி கிராசிங் லூப்புகளை நீட்டி, அச்சுச் சுமையை 30 டன்னாக்கி, குறைந்த ரயிலில் அதிகச் சரக்கு கொண்டுபோகிறார்கள். அதற்கு விலையும் உண்டு. 2023 டிசம்பரில் அந்தப் பாதையில் ஒரு ரயில் தடம்புரண்டதும் போக்குவரத்து சுமார் இரண்டு மாதம் நின்றது. சுற்றிப் போக வேறு தடமே இல்லை.

#6 குகைவாசல்

நிலையம், லூப் எல்லாம் இருக்கட்டும். மின்மயத்தின் தேதியைத் தீர்மானிப்பது குகைகள். மாஸ்ட் (கம்பியைத் தாங்கும் கம்பம்) நடுவதோ கம்பி இழுப்பதோ அல்ல.

முதல் வேலை லேசர் வைத்துக் குகையின் உட்புறத்தை முழு நீளத்துக்கும் அளப்பது. இருபது மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு என்று எடுத்த பழைய அளவை நம்பாதீர்கள். லைனிங் (குகையின் உட்சுவர்) உப்பிய இடமும், பிற்பாடு ஷாட்கிரீட் (தெளிக்கும் கான்கிரீட்) அடித்துத் தடிமன் கூடிய இடமும் அந்த இடைவெளிக்குள் ஒளிந்திருக்கும். வளைவில் கேன்ட் (வெளித் தண்டவாளம் உயர்ந்திருப்பது) இருப்பதால் வண்டி சாய்ந்து நிற்கும், அதோடு நீளமான பெட்டியின் நடுப்பகுதி உள்ளே தள்ளும், முனைகள் வெளியே வீசும். நேர்ப்பாதையில் போதுமான குகை 8 டிகிரி வளைவில் போதாமல் போகும்.

மேலே வேண்டிய இடைவெளி: 25 கேவி உள்ள எந்தப் பாகத்துக்கும் பாறைக்கும் நடுவே நிலையாக 250 மிமீ, பேண்டோ (கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும், இன்ஜின் கூரைமேல் உள்ள கை) கடக்கும் கணத்தில் குறைந்தது 200 மிமீ. அதற்கு மேல் பேண்டோ கம்பியைத் தூக்கும் உயரம், கேட்டனரி (காண்டாக்ட் கம்பியைத் தொங்கவிடும் மேல்கம்பி) அமைப்பின் உயரம், தடத்தைப் பேக்கிங் (அடியில் ஜல்லி இறுக்குதல், டேம்பிங் என்பதும் இதுதான்) செய்யும்போது தண்டவாளம் உயரும் அளவு. கடைசியாகச் சொன்னதை மறந்தால், ஐந்தாறு முறை டேம்பிங் ஓடிய பிறகு வரைபடத்தில் இருந்த இடைவெளி குகையில் இருக்காது. குகைச் சுவரில் தண்டவாள மட்டத்தைக் குறித்து ஒரு தகடு அறைந்துவிட்டு, அதற்கு மேல் ஜல்லி போட்டுத் தூக்கக் கூடாது என்று எழுதிவையுங்கள்.

இடம் போதவில்லை என்றால் தடத்தைத் தாழ்த்தலாம். 60 கிலோ தண்டவாளம் 172 மிமீ, கான்கிரீட் ஸ்லீப்பர் 210, அதன் கீழ் ஜல்லி 300, ஆக 680 மிமீக்கு மேல். ஜல்லி இல்லாத கான்கிரீட் பலகைத் தடம் போட்டால் 200 மிமீ அளவுக்கு மிச்சம் பிடிக்கலாம். கேட்க எளிது. பக்கச் சுவரின் அடித்தளம் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று குழி தோண்டிப் பார்க்காமல் இன்வெர்ட்டை (குகையின் தரை) வெட்டினால் சுவர் உள்ளே நகரும். தடம் தாழ்ந்தால் வடிகாலும் தாழ வேண்டும், அது வெளியேறும் வாசலும் தாழ வேண்டும். குகை முடிந்த உடனே பாலம் இருந்தால் வாசலில் தாழ்த்தவே முடியாது, கர்டரின் (பாலத்தின் உத்திரம்) மட்டம் அதன் இடத்தில்தான் நிற்கும். மலைப்பாதையில் குகையும் பாலமும் ஒட்டி வருவது சகஜம்.

இதோடு நேரம். மூன்று மணி நேர லைன் பிளாக் (வேலைக்காகத் தடத்தை மூடித் தரும் நேரம்) என்றால், இயந்திரம் உள்ளே போய் வெளியே வருவதையும் தடத்தைச் சோதித்துக் கொடுப்பதையும் கழித்தால் கையில் இரண்டு மணிகூட நிற்காது. கான்கிரீட் அந்த நேரத்தில் இறுகாது. முன்கூட்டியே வார்த்த பலகை, அல்லது ஸ்லீப்பர்களைத் தற்காலிகமாகத் தாங்கும் ஏற்பாடு, அல்லது பல நாள் முழு மூடல், இந்த மூன்றில் ஒன்றுதான். நாளுக்கு 30 ரயில் ஓடும் ஒற்றைத் தடத்தில் மூன்றாவதை யார் தருவார்கள்?

#7 கம்பிக்காரர்

குகைவாசல் சொன்னதோடு ஒரு வழி சேர்க்கிறேன். கேட்டனரியை விட்டுவிட்டு ரிஜிட் கண்டக்டர் போடலாம். அலுமினியச் சட்டத்தின் அடிவாயில் காண்டாக்ட் கம்பியைச் செருகி, பத்து மீட்டர் அளவுக்கு ஒரு தாங்கி வைத்து மேற்கூரையில் தொங்கவிடுவது. சட்டத்தின் உயரம் சுமார் 110 மிமீ. கேட்டனரிக்கும் காண்டாக்ட் கம்பிக்கும் நடுவே விடும் உயரம் முழுக்க மிச்சம். இழுவிசை இல்லாததால் கம்பி தேய்ந்து மெலிந்தாலும் அறுந்து விழாது. குகைக்குள் கம்பி அறுந்தால் சரிசெய்ய எத்தனை மணி நேரம் ஆகும் என்று நினைத்தால் இதன் அருமை புரியும்.

ஆனால் தாங்கிகளின் எண்ணிக்கை மூன்று மடங்குக்கு மேல். ஒவ்வொரு தாங்கிக்கும் பாறையில் துளை, ஆங்கர், இழுவைச் சோதனை. பழைய செங்கல் அல்லது கல் லைனிங்கில் ஆங்கர் லைனிங்கோடு நிற்கக் கூடாது, பின்னால் உள்ள நல்ல பாறை வரை போக வேண்டும். லைனிங்குக்கும் பாறைக்கும் நடுவே வெற்றிடம் இருக்கிறதா என்று முதலில் தட்டிப் பார்த்து, இருந்தால் சிமெண்ட் கரைசல் செலுத்தி அடைத்த பிறகே துளை போட வேண்டும். இரு முனையிலும் விறைப்பு படிப்படியாக மாறும் டிரான்சிஷன் துண்டு இல்லாவிட்டால் பேண்டோவின் கார்பன் பட்டை அந்த இடத்தில் அடிபட்டு உடையும்.

கம்பியின் உயரமும் சட்டென்று மாறக் கூடாது. மீட்டருக்கு 3 மிமீதான் சரிவு தரலாம். வெளியே 5.5 மீ, குகைக்குள் 4.9 மீ என்றால் இறங்க மட்டும் 200 மீ. இரண்டு குகைகளுக்கு நடுவே 150 மீதான் திறந்தவெளி என்றால் கம்பியை ஏற்றி இறக்காதீர்கள், தாழ்ந்த உயரத்திலேயே கொண்டுபோய்விடுங்கள்.

நீரைப் பற்றி. குகைக் கூரையில் ஒரு துளி சொட்டும் இடத்துக்கு நேர் கீழே இன்சுலேட்டர் வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். டீசல் புகையின் கரி மேல்பக்கம் பசை போல ஒட்டியிருக்கும். சொட்டு விழுந்து அந்தக் கரியில் ஒரு ஈரக் கோடு விழும். முதலில் மெல்லிய "சர்" சத்தம், இருட்டில் பார்த்தால் நீலப் பொறி. கொஞ்ச நாளில் அந்தக் கோடு கருகித் தடமாகும். ஒரு மழை இரவில் ஃபிளாஷ் அடித்து ஃபீடர் (மின்சாரம் தரும் இணைப்பு) டிரிப் ஆகும். சிலிக்கோன் இன்சுலேட்டர், நீண்ட கிரீபேஜ் (இன்சுலேட்டரின் மேற்பரப்பு வழி தூரம்) எல்லாம் உதவும். ஆனால் மருந்து நீரைத் திசைதிருப்புவதுதான். கூரையின் வில் தொடங்கும் உயரத்தில் பக்கச் சுவரில் துளை போட்டு நீரைச் சுவரோடு இறக்கி வடிகாலில் விட வேண்டும். ஒரு முழு மழைக்காலம் சொட்டும் இடங்களைக் குறித்து வைத்துவிட்டு அதன் பிறகு தாங்கிகளின் இடத்தை நிர்ணயியுங்கள். கோடையில் அளந்து போட்ட வரைபடம் மழையில் செல்லாது.

#8 ஜல்லிமேடு

இப்போது என் முக்கிய ஆட்சேபணை. கம்பியை முதலில் போட்டுவிட்டு, அதன் பக்கத்தில் இரண்டாவது தடத்துக்குப் பாறை வெட்டுவது மிகத் தவறான வரிசை.

புதுத் தடத்தின் மையம் பழையதிலிருந்து குறைந்தது 5.3 மீ. மலைச்சரிவில் இந்த 5.3 மீட்டரை இரண்டு வழியில்தான் எடுக்கலாம். மேல்பக்கம் என்றால் இருக்கும் கட்டிங்கின் (பாதைக்காக மலையை வெட்டிய சரிவு) அடிப்பகுதியை வெட்டுகிறோம். பல பத்து ஆண்டுகளாக நின்று பழகிய சரிவின் பிடிமானத்தை எடுத்துவிடுகிறோம். முதல் மழையில் அது இறங்கும். கீழ்ப்பக்கம் என்றால் பழைய மண்கரையின் தோளில் புதுமண் சேர்க்கிறோம். பழைய சரிவில் படிபடியாக வெட்டி ஒட்டாமல் சும்மா கொட்டினால் இரண்டுக்கும் நடுவே நீர் இறங்கிப் பிளவு விடும், பழைய தடமும் சேர்ந்து தாழும்.

மேல்பக்கம் வெடி வைக்கும்போது ஓடும் தடத்தில் கல் விழும். முன்பிளவு வெடி, சிறு அளவு வெடிமருந்து, கனமான ரப்பர் பாய், தடத்தோரம் கம்பி வலைத் தடுப்பு எல்லாம் போட்டாலும் விழும். கம்பி இல்லாத தடத்தில் விழுந்தால் தண்டவாளத்தையும் ஸ்லீப்பரையும் பார்த்துவிட்டு வண்டியை விடலாம். கம்பி இருந்தால் கான்டிலீவர் (மாஸ்டிலிருந்து கம்பியைப் பிடிக்கும் கை) உடையும், இன்சுலேட்டர் சிதறும், ஒரு மாஸ்ட் சாய்ந்தால் 1500 மீ வரை நீளும் ஒரு இழுவிசைப் பிரிவு முழுதும் கலையும். வெடிக்காத நாளிலும் எக்ஸ்கவேட்டரின் கை உயர்ந்தால் கம்பிக்கு எட்டும். அதனால் ஒவ்வொரு வேலைக்கும் லைன் பிளாக்கோடு பவர் பிளாக்கும் (மின்சாரத்தை நிறுத்தித் தருவது) எர்த் ராடும் (கம்பியைத் தரையோடு இணைக்கும் கோல்) வேண்டும். ஏற்கெனவே இரண்டு மணி கிடைக்காத இடத்தில் மேலும் அரைமணி போகிறது. பணம் கொடுத்தால் மாஸ்ட் கிடைக்கும், கம்பி கிடைக்கும். மூடிக் கிடைக்கும் மணிநேரத்தை எந்தப் பணமும் வாங்கித் தராது. வரிசையை அதை வைத்துத்தான் போட வேண்டும்.

#9 அட்டவணைக்காரர்

#3-ன் திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் ஜல்லிமேடு சார், உங்கள் வரிசைப்படி 60 கிமீ பாறை வேலை முடியும் வரை கம்பியே வராது. குகை வேலை தாமதமாகாத மலைப்பாதை இல்லை. அதுவரை பேங்கர் டீசலும் குகைக்குள் புகையும் தொடரும். சீனாவில் பாவோஜி - செங்டு பாதையில் செங்குத்தான பாவோஜி - ஃபெங்ஜோ பகுதியை மட்டும் 1961-ல் முதலில் மின்மயமாக்கினார்கள். நாட்டின் முதல் மின்மயப் பாதையே அந்த மலைத் துண்டுதான். முழுப் பாதைக்கும் கம்பி வந்தது 1975-ல். ஒற்றைத் தடத்திலேயே செய்தார்கள். ஏற்றம்தான் நோய் என்றால் ஏற்றத்துக்கு மருந்து கொடுப்பது நியாயம்தானே?

#10 குகைவாசல்

நியாயம்தான். ஆனால் அங்கே நீராவி இன்ஜினை மாற்றினார்கள், ஏறும் திறனில் தாவல் மிகப் பெரியது. இங்கே டீசலிலிருந்து மாறுகிறோம், அதுவும் இறங்கும் பக்கம் ஆதாயமே இல்லை.

பழைய குகைகளைத் தொடாமல் இருக்கும் வழியைப் பாருங்கள். மோசமான செக்ஷனில் இரண்டாவது தடத்தைப் பழையதோடு ஒட்டாமல் தனியாக, மலைக்குள் தள்ளி, நீளமான புதுக் குகையில் எடுங்கள். கம்பிக்கான உயரத்தோடு வெட்டுங்கள். அது தயாரானதும் போக்குவரத்தை அதில் மாற்றிவிட்டுப் பழைய தடத்தை மூடி, நிதானமாகக் குகையைத் திருத்தி, வடிகால் போட்டு, கம்பி இழுக்கலாம். இரவு இரண்டு மணி நேரத்தில் இருநூறு நாள் செய்யும் வேலையை முழு மூடலில் சில வாரங்களில் முடிக்கலாம். தரமும் வேறு. சுவிட்சர்லாந்தின் அல்புலா குகையில் இதே சிந்தனைதான்: 5.86 கிமீ பழைய குகையைத் திருத்துவதை விட்டு, பக்கத்தில் இணையாகப் புதியதை வெட்டி 2024-ல் திறந்தார்கள். பழையது பாதுகாப்பு வழி.

முன்யோசனைக்கு லோட்ஷ்பெர்க் பாதை. 1913-ல் திறந்தபோதே மின்சாரத்தில் ஓடியது. ஏற்றப் பகுதிகள் ஒற்றைத் தடம், ஆனால் இரட்டைக்கு இடம் நினைத்து வேலை செய்திருந்தார்கள். 1976-ல் இரட்டிப்பைத் தொடங்கி 1992-ல் முடித்தார்கள். எதிர்ப்பாடமும் அதே மலையில் இருக்கிறது. 2007-ல் திறந்த 34.6 கிமீ அடிமலைக் குகையில் சுமார் 21 கிமீ ஒரே தடம்தான் ஓடுகிறது. பணத்தை மிச்சம் பிடித்த அந்தத் துண்டே இன்று முழுப் பாதையின் கொள்ளளவையும் பிடித்து வைத்திருக்கிறது.

தனிக் குகைக்கு இன்னொரு லாபம் ஏற்றம். ஏறும் ரயிலுக்குப் புதுத் தடத்தை 100-க்கு 1-ல் எடுத்தால் பேங்கரே வேண்டாம். இறங்கும் ரயில் பழைய 50-க்கு 1-ல் இறங்கட்டும். பாதை நீளும், மறுக்கவில்லை. ஆனால் டன்னுக்கு 20 கிலோ இழுவை கேட்ட இடத்தில் 10 கிலோ போதும்.

இரட்டைத் தடத்துக்கு ஒரே அகலக் குகையா, இரண்டு தனிக் குகையா என்று கேட்பார்கள். மோசமான பாறையில் இரண்டு தனிக் குகை. அகலம் கூடக் கூடக் கூரையின் சுமை வேகமாகக் கூடும். தவிர, 500 மீட்டருக்கு ஒரு குறுக்கு வழி வைத்தால் ஒன்றில் தீப்பிடித்தால் மற்றதில் ஆட்களை வெளியே கொண்டுவரலாம். ஒற்றைக் குகையாகவே நீளமாகப் போனால் உள்ளேயே வழி விட வேண்டும், காஷ்மீரின் 11.2 கிமீ பீர் பஞ்சால் குகையில் தடத்தோரம் 3 மீ அகலச் சாலை அதற்காகத்தான்.

#11 கம்பிக்காரர்

வரிசை எதுவானாலும் மின் வேலையில் மூன்று விஷயம் முதல் நாளே முடிவாக வேண்டும்.

ஒன்று மாஸ்டின் இடம். நேர்ப்பாதையில் 72 மீட்டருக்கு ஒரு மாஸ்ட், கிலோமீட்டருக்கு 14. 8 டிகிரி வளைவின் ஆரம் 219 மீ. அதில் 31.5 மீ இடைவெளி விட்டாலே வில்லுயரம் (நேர்க்கோட்டிலிருந்து வளைவு விலகும் அளவு) 566 மிமீ. மாஸ்டில் கம்பியை 300 மிமீ வெளியே தள்ளினால் நடுவில் 266 மிமீ உள்ளே வரும். காற்று அடித்தால் இன்னும் வரும். இதற்கு மேல் இடைவெளி விட முடியாது. ஆகக் கிலோமீட்டருக்கு 32 மாஸ்ட், ஒவ்வொன்றையும் வளைவின் உள்பக்கமாக இழுக்கும் விசை சுமார் 290 கிலோ. சமவெளிக் கணக்கில் மதிப்பீடு போட்டவர்கள் காட் பகுதியில் இரண்டு மடங்குக்கு மேல் செலவழிப்பது இதனால்தான். பாறையில் குழி தோண்டாமல் துளையிட்டு ஆணி இறக்கி கிரவுட் (சிமெண்ட் கரைசல் நிரப்புதல்) செய்யுங்கள். இரண்டாவது தடம் எந்தப் பக்கம் வரும் என்று தெரியாமல் ஒரு மாஸ்ட் கூட நடாதீர்கள். யார்டில் இறுதி வரைபடத்துக்கு நடுங்கள், இன்றைய லூப்புக்கு அல்ல.

இரண்டு மின்சாரம். மூன்று இன்ஜின், ஒவ்வொன்றும் 4.5 மெகாவாட். இழப்பும் சேர்ந்து ஒரு ரயில் கம்பியிலிருந்து எடுப்பது சுமார் 15 மெகாவாட், அதாவது 600 ஆம்பியர். ஒரே ஃபீட் பகுதியில் இரண்டு ரயில் ஏறினால் 1200. 21.6 எம்விஏ டிரான்ஸ்ஃபார்மரின் முழுச் சுமை 864 ஆம்பியர். சிறிது நேர மிகைச்சுமையை அது தாங்கும், ஆனால் காட் ஏற்றம் கால் மணியில் முடிவதில்லை. கம்பியின் கடைசியில் மின்னழுத்தம் 19 கேவிக்குக் கீழே போனால் இன்ஜின் தானே சக்தியைக் குறைக்கும்; அட்டவணைக்காரர் போட்ட 40 கிமீ வேகம் அங்கே 28 ஆகும். மலைமேல் உயர் அழுத்த லைன் கொண்டுபோவதே பெரும்பாடு என்பதால் 2×25 கேவி அமைப்புதான் பொருத்தம். துணை மின்நிலையங்களை அடிவாரத்திலும் உச்சியிலும் வைத்துவிட்டு, நடுவில் 10 முதல் 15 கிமீக்கு ஒரு ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் போதும். ஆனால் அதற்கு எதிர்முனை ஃபீடர் கம்பி ஒன்று கூடுதலாகக் குகைக்குள் போக வேண்டும். குகைவாசல் அளக்கும்போது அதற்கும் இடம் பார்க்க வேண்டும்.

மூன்றாவது நியூட்ரல் செக்ஷன். இரண்டு ஃபீடுக்கு நடுவே மின்சாரம் இல்லாத துண்டு. 50-க்கு 1-ல் 30 கிமீ வேகத்தில் ஏறும் ரயிலுக்குச் சக்தியை நிறுத்தினால் 170 மீட்டருக்குள் நின்றேவிடும். முன் இன்ஜின் கடக்கும்போது பேங்கர் மட்டும் தள்ளும், பேங்கர் கடக்கும்போது முன் இன்ஜின் மட்டும் இழுக்கும். கப்ளர் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) ஒரு முறை அமுங்கி மறுமுறை இழுபடும், பழைய கப்ளர் உடைவது இந்த இடத்தில்தான். ஆகவே நியூட்ரல் செக்ஷனை ஏற்றத்தில் வைக்கவே கூடாது. உச்சியைத் தாண்டிய சமதளம், அல்லது ஜல்லிமேடு வெட்டப்போகும் அந்தப் புது யார்டின் பக்கம். யார்டின் இடமும் மின்நிலையத்தின் இடமும் ஒரே மேசையில் முடிவாக வேண்டும் என்பது இதற்காகத்தான். நிலையத்தின் ஹோம் சிக்னலுக்கு (உள்ளே நுழைய அனுமதி தருவது) முன்னால் வைத்துவிட்டால், சிக்னலில் நின்ற ரயில் மறுபடி வேகம் எடுப்பதற்குள் செத்த கம்பிக்குள் மாட்டிக்கொள்ளும்.

#12 சிக்னல்தூண்

நம்ம பக்கத்து வேலையையும் எழுதிடறேன், எப்பவும் கடைசியில ஞாபகம் வரும். 25 கேவி வந்ததும் பக்கத்துல ஓடுற செம்புக் கேபிள்ல எல்லாம் மின்னழுத்தம் தூண்டப்படும். பழைய பிளாக் கருவி, கன்ட்ரோல் போன் லைன் எல்லாத்தையும் அதுக்கு முன்னாடியே ஒளியிழைக்கு மாத்தணும். ஈரக் குகையில டிராக் சர்க்யூட் (தண்டவாளத்துல மின்சாரம் விட்டு ரயில் இருக்கான்னு பாக்குறது) ஜல்லி வழியா கசிஞ்சு அடிக்கடி ஏமாத்தும். ஆக்ஸில் கவுண்டர் (அச்சுகளை எண்ணுற கருவி) போடுங்க. கிலோமீட்டருக்கு 32 மாஸ்ட் நட்டா வளைவுல சிக்னல் தெரியாது, இடத்தை மாத்தணும் இல்லைனா ரிப்பீட்டர் வைக்கணும். இது முடியாம கம்பிக்கு மின்சாரம் கொடுக்க அனுமதி வராது.

இன்னொண்ணு, காட் பகுதிக்கு மட்டும் கம்பி போட்டா அடிவாரத்துலயும் உச்சியிலயும் இன்ஜின் மாத்தணும். அதுக்கு லைன் வேணும், நேரமும் வேணும். மிச்சம் பிடிச்ச 11 நிமிஷம் அங்கயே போயிடும். மும்பை - புனே நடுவுல இருக்கிற போர் காட் மலைப்பாதையில 1.5 கேவி டிசி போட்டப்ப புனே வரைக்கும் சேர்த்தேதான் போட்டாங்க; ரிவர்சிங் நிலையத்தையும் (ரயில் திசை திரும்பிப் போற இடம்) அந்த சமயத்துலயே எடுத்துட்டாங்க.

#13 மலைப்பாதை

எல்லோருக்கும் நன்றி. இதுவரை வந்ததை வைத்து இப்படி அடுக்குகிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். முதல் மழைக்காலத்தில் குகைகளை அளப்பதும் நீர் சொட்டும் இடங்களைக் குறிப்பதும். கூடவே இறுதி வரைபடம். அதன் பிறகு 12 கிமீ செக்ஷனை உடைக்கும் கிராசிங் நிலையம், அதை இரட்டைத் தடத்தின் முதல் துண்டாகவே அமைப்பது. மோசமான செக்ஷனில் கம்பி உயரத்தோடு தனிக் குகை. போக்குவரத்து அதில் மாறியதும் பழைய தடத்தை மூடித் திருத்துவது. பாறை வெட்டி முடிந்த துண்டுகளில் மட்டும் மாஸ்ட். இரு முனையும் கம்பியுள்ள பாதையோடு சேர்ந்த பிறகே மின்சார ஓட்டம்.

ஒரு சந்தேகம். ஒரு தடம் மூடியிருக்கும் காலத்தில் இன்னொன்றில், குகைக்குள், கம்பிப் பழுதால் ரயில் நின்றால்?

#14 கம்பிக்காரர்

டீசல் இன்ஜின் ஒன்றை அடிவாரத்தில் எப்போதும் தயாராக வைத்திருங்கள். மின்மயம் முடிந்துவிட்டது என்று முதல் வாரமே அனுப்பிவிடாதீர்கள். டவர் வேகன் (மேல்கம்பியைப் பழுதுபார்க்கும் வண்டி) இரண்டு வேண்டும், அடிவாரத்தில் ஒன்று, உச்சியில் ஒன்று. ஒன்றுதான் இருந்தால் அது எப்போதும் நின்ற ரயிலின் தவறான பக்கத்தில்தான் இருக்கும்.

குகையின் இரு வாசலிலும் கம்பியைப் பிரிக்கும் ஐசோலேட்டரும், எர்த் செய்ய நிலையான இணைப்பும் வையுங்கள். கட்டுப்பாட்டு அறையிலிருந்தும் இயக்க முடியணும், வாசலில் நின்று கையாலும் இயக்க முடியணும். உள்ளே ஆட்கள் இறங்க வேண்டி வந்தால் இரு பக்கமும் எர்த் ஆன பிறகுதான் இறங்கலாம். ஒரு பக்கம் மட்டும் எர்த் செய்தால், பக்கத்துத் தடத்தின் கம்பி உயிரோடு இருக்கும் வரை இதில் தூண்டல் மின்னழுத்தம் வந்துகொண்டே இருக்கும். ஏற்றத்தில் நின்ற ரயிலுக்கு காற்று பிரேக்கை நம்பி உட்கார வேண்டாம், கம்ப்ரசருக்கு மின்சாரம் இல்லை, காற்று மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். நின்றதும் கை பிரேக்குகளை இறுக்கி, சக்கரங்களுக்கு அடைப்பு வைப்பதுதான் முதல் வேலை. 50-க்கு 1-ல் எத்தனை வேகனுக்கு இறுக்க வேண்டும் என்ற எண்ணிக்கையை ரயிலின் எடைக்கு ஏற்பக் கணக்கிட்டு, முன்கூட்டியே அட்டையில் அச்சிட்டு இன்ஜினிலும் பேங்கரிலும் வைத்துவிடுங்கள். இருட்டுக் குகையில் நின்று யாரும் அதைக் கணக்குப் போட முடியாது.